பேஸ் கிட்டாரின் கழுத்துக்கு ஒரு எக்ஸ்ரே

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மருந்துக் கடையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் நீளமாக ஒரு அறை வரும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. எதிர்ச்சுவரில் கப்பியிலிருந்து தொங்கும் கயிறுகள். நடுவில், நடை மறந்துபோனவர்கள் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இடுப்பளவு உயரத்தில் இரண்டு நீளக் கம்பிகள். அந்த அறையில் இருபத்திரண்டு வருடமாக ஃபிசியோதெரபி செய்துவருகிறவளை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கை, கால், தோள், இடுப்பு எல்லாம்தான் பார்ப்பாள். ஆனால் கழுத்து என்று வந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் அவள் கழுத்தக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த எலும்பு டாக்டரே அப்படித்தான் கூப்பிடுவார்.

"கழுத்து என்ன டேபிள் ஃபேனா, சட்டுனு திருப்ப? மெதுவா. இன்னும் மெதுவா. வலிச்சா நிறுத்திடணும், வீரம் காட்டக் கூடாது." ஒரு நாளைக்கு இதை அவள் முப்பது தடவையாவது சொல்வாள். தலையணை எவ்வளவு உயரம் இருக்கலாம், போனை எந்த உயரத்தில் பிடித்துப் பார்க்கலாம், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசுகிறவர்களை என்ன செய்யலாம் என்பதற்கெல்லாம் அவளிடம் சட்டம் இருந்தது.

இப்படி ஊரில் இருக்கிற கழுத்துக்கெல்லாம் பத்தியம் சொன்னவள், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு கழுத்தை மட்டும் இஷ்டத்துக்குப் பிடித்து வளைத்தாள். அது அவளுடைய பேஸ் கிட்டாரின் கழுத்து.

பேஸ் அவளிடம் வந்தது தற்செயலாக. அக்காவும் அத்தானும் வீடு மாறிப் போகும்போது, "இதை எங்க தூக்கிட்டுப் போறது, நீ வச்சுக்க" என்று துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் சாத்திவிட்டுப் போனார்கள். அத்தான் ஏதோ ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கி, விரல் நுனி கொப்பளித்ததும் ஆசையை விட்டுவிட்டவர். சாதாரணக் கிட்டாரைவிட ஒரு சாண் நீளம். கம்பி நாலே நாலு, ஒவ்வொன்றும் நல்ல தடிமன். இரண்டு வருடம் அது அங்கேயே சோப்புத் தூள் படிந்து நின்றது. முப்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள் வீடு பெருக்கும்போது துடைப்பம் தட்டி, தடித்த கம்பி ஒரு முறை அதிர்ந்தது. அந்தச் சத்தம் காதில் கேட்டதைவிட அடிவயிற்றில்தான் அதிகம் கேட்டது. அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

அவளுக்குக் குரல் கொஞ்சம் கட்டை. போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். பள்ளியில் பாட்டு டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்மா" என்று சொல்லியிருந்தார். அவளும் ஆறு வருடம் வாயை மட்டும் அசைத்தாள். இப்போது தன் குரலைவிடவும் கட்டையான ஒரு குரல் கையில் கிடைத்ததும் அவளுக்கு ஏற்பட்ட குஷியைச் சொல்லி மாளாது. யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. பாட்டைப் போட்டுவிட்டு, அதன் அடியில் மெதுவாக நடந்துபோகும் பேஸை மட்டும் பிரித்துப் பிரித்துக் கேட்டு வாசித்துப் பழகினாள்.

வளைக்கும் வித்தையும் தானாக வந்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கட்டிலில் உட்கார்ந்து தடித்த கம்பியைச் சுண்டிய நேரம் பார்த்து அலமாரி மேலிருந்த போன் அடித்தது. எட்டி எடுக்கப் போனாள். கிட்டாரின் தலை அலமாரிக் கதவில் இடித்து அழுந்தியது. ஒலித்துக்கொண்டிருந்த சுருதி, மாடிப்படியில் வழுக்கின ஆள் மாதிரி, அப்படியே கீழே இறங்கிப் போனது. அவள் நிமிர்ந்ததும் எழுந்து பழைய இடத்துக்கே வந்து நின்றது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி கம்பியைச் சுண்டி, மறுபடி அலமாரியில் அழுத்தினாள். பிறகு அலமாரி இல்லாமலே செய்யத் தெரிந்துகொண்டாள். வலது முழங்கையால் கிட்டாரின் உடலை வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டும். இடது உள்ளங்கையால் கழுத்தை முன்பக்கம் தள்ள வேண்டும். கம்பிகள் தளரும், சுருதி இறங்கும். கையை எடுத்தால் ஏறி வரும். நெஞ்சுப் பக்கம் இழுத்தால் கம்பி இறுகி, இருந்த இடத்தைவிட ஒரு சிட்டிகை மேலே போய் எட்டிப் பார்க்கும்.

சமையலறையிலிருந்து அவள் கணவர் கரண்டியோடு ஓடி வந்தார். "என்னம்மா உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையலைங்க. இங்க வந்து இதைக் கேளுங்களேன்."

அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். விட்டால் உடையும் பொருளையே பகல் முழுக்கக் கையில் வைத்திருப்பதால், எதைப் பார்த்தாலும் அது எந்த இடத்தில் உடையும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். மனைவி கழுத்தைத் தள்ளியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"சத்தம் ஜோராத்தான் இருக்கு. முடிஞ்சுதா? கண்ணைத் திறக்கலாமா?"

அன்றிலிருந்து பத்து வருடம், அவள் வளைக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார், தடுத்துப் பேசியதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இசைக்குழு உண்டு. எக்ஸ்ரே எடுக்கும் தம்பி டிரம்ஸ்; அவன் பெயரே எக்ஸ்ரே. அறுவை சிகிச்சைக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கீபோர்டு. "என் ரெண்டு வேலையும் ஒண்ணுதான், ஆளைத் தூங்க வைக்கிறது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆம்புலன்ஸ் டிரைவர் பாடுவார், அவர் சைரன். பேஸுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர்கள், கழுத்தக்கா வீட்டில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் அவளை விடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு வாசிப்பார்கள். நடக்க முடிந்த நோயாளிகள் நடந்து வருவார்கள், முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

மெதுவான பாட்டு ஒன்றின் கடைசிச் சுருதியை மட்டும் கழுத்தக்கா வளைத்து இறக்குவாள். கூடத்தில் அதற்கு ஒரு "ஆஹா" நிச்சயம். அங்கே வேறு எதற்கும் அவள் அதைப் பெரிதாகப் பயன்படுத்தியதில்லை.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை அவள் அந்தக் கடைசிச் சுருதியை இறக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் சக்கர நாற்காலிகள் ஆறு. கிட்டாரின் கழுத்து சாயச் சாய, ஆறு தலையும் அதோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்தன. விட்டதும் ஆறும் நிமிர்ந்தன. யாருக்கும் தான் சாய்ந்தது தெரியவில்லை.

அந்த ஆறில் ஒன்று தபால்காரருடைய தலை. சைக்கிளிலிருந்து விழுந்து காலில் அடிபட்டு, கழுத்தும் பிடித்துக்கொண்டவர். கழுத்து எலும்பில் ஒன்றும் இல்லை, பயம்தான். மூன்று வாரமாக அவள் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், மனிதர் ஒரு விரற்கடை சாய்க்க மாட்டேன் என்றுவிட்டார். "சாய்ச்சா ஒடிஞ்சிடும்மா, எனக்குத் தெரியும்" என்பார். அந்தத் தலைதான் இப்போது கிட்டாரைப் பார்த்துக்கொண்டு தாராளமாகச் சாய்ந்து நிமிர்ந்திருந்தது.

அவளுக்கு இரவெல்லாம் அதே நினைப்பு. மறுநாள் காலை பேஸையும், டிபன் பெட்டி அளவில் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். தபால்காரரைக் கண்ணாடிச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள்.

"என்னம்மா, இன்னிக்கு என்ன சித்திரவதை?"

"ஒண்ணும் இல்லய்யா. இன்னிக்கு லீவு. நான் வாசிக்கிறேன், நீங்க சும்மா பார்த்துக்கிட்டு இருங்க. அது போதும்."

கம்பியைச் சுண்டி, மெதுவாகத் தள்ளினாள். அவர் தலை மெதுவாகச் சாய்ந்தது. ஐந்து முறை ஆனதும் கிட்டாரைக் கீழே வைத்தாள்.

"இப்ப எவ்வளவு தூரம் சாஞ்சீங்க தெரியுமா?"

"யாரு, நானா? நான் எங்கம்மா சாஞ்சேன்? நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

அவள் அவரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி உட்கார வைத்துவிட்டு மறுபடி வாசித்தாள். தபால்காரர் கண்ணாடியில் தன் தலை சாய்வதைத் தானே பார்த்தார். வாய் பிளந்தது. "அட, ஒடியல" என்றார். அப்புறம் அறை அதிரச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் தலை வலப்பக்கமும் சாய்ந்தது.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு வாரத்தில் "எனக்கும் அந்தக் கிட்டார் வைத்தியம்தான் வேணும்" என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கழுத்தில் பட்டை போட்டவர்களை வாசற்படியிலேயே நிறுத்திவிடுவாள். மற்றவர்களை அரைவட்டமாக உட்கார வைத்து, காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று வகுப்பு நடத்தினாள். கிட்டார் இந்தப் பக்கம் சாய்ந்தால் இந்தப் பக்கம், நெஞ்சோடு வந்தால் முகவாய் உள்ளே. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு அறுபது தடவை வளைத்தாள். முன்பெல்லாம் வீட்டில் ஆசைக்கு நாலு தடவையும் வியாழக்கிழமை ஒரு தடவையும் வளைந்த கழுத்து அது.

மூன்று மாதம் போனது. முதலில், காலையில் சுருதி சேர்த்தால் மதியத்துக்குள் கலைந்துவிட்டது. மழைக்காலம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு, தள்ளும்போது எங்கிருந்தோ "டிக்" என்று ஒரு சத்தம் வந்தது. தன் முழங்கையாக இருக்கும் என்று முழங்கையை நீவிவிட்டாள். பிறகு, நாலாவதாக இருக்கும் மெல்லிய கம்பி விரல் வைத்தால் பலகையின் விளிம்பைத் தாண்டி வழுக்கி விழுந்தது. "தானா சரியாயிடும்" என்றாள். இதே வார்த்தையை ஒரு நோயாளி சொல்லியிருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

அடுத்த வியாழக்கிழமை, கச்சேரிக்கு முந்தைய ஒத்திகையில், சைரன் உருகி உருகிப் பாடி முடித்தார். கழுத்தக்கா கடைசிச் சுருதியைத் தள்ளினாள். "டக்" என்றது. மரத்தில் ஆப்பு நகர்ந்த மாதிரி ஒரு சத்தம்.

எல்லோரும் நின்றார்கள். எக்ஸ்ரே இரண்டு குச்சியையும் மேலே தூக்கி, "சத்தியமா நான் இல்லக்கா" என்றான்.

அவள் கிட்டாரை மடியில் போட்டுப் பார்த்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. கழுத்து உடலோடு சேருமிடத்தில் வண்ணப்பூச்சில் மட்டும் முடியளவில் ஒரு கோடு. எத்தனையோ பேரின் முறிந்த எலும்பைப் பதறாமல் பார்த்தவள், இந்த முடியளவு கோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, பதறாதீங்க. என்கிட்ட மெஷின் இருக்கில்ல?" என்றான் எக்ஸ்ரே. "காலைல முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடி மெஷின் சரியா வேலை செய்யுதான்னு ஒரு படம் எடுத்துப் பார்ப்போம். நாளைக்கு அந்தப் படத்துக்கு உங்காளு படுக்கட்டும்."

மறுநாள் காலை ஏழரை மணிக்கு பேஸ் கிட்டார் எக்ஸ்ரே மேஜையில் மல்லாக்கப் படுத்தது. எக்ஸ்ரே அதன் அடியில் ஒரு சின்னத் தலையணைகூட வைத்தான். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று வழக்கமான குரலில் சொல்லிவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். படம் திரையில் வந்தது. மரம் மங்கலாகப் புகை மாதிரி. நடுவில் கழுத்தின் முழு நீளத்துக்கும் வெள்ளை வெளேரென்று ஒரு இரும்புக் கம்பி. அடியில் நாலு திருகு.

அந்த நேரம் பார்த்து எலும்பு டாக்டர் காபிக் கோப்பையோடு உள்ளே வந்தார். மேஜையைப் பார்க்கவில்லை, நேராகத் திரைக்குப் போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"யாருய்யா இது? கழுத்துல இவ்வளவு நீளக் கம்பியை எந்தப் புண்ணியவான் வச்சான்?"

எக்ஸ்ரே வாயைப் பொத்திக்கொண்டான். கழுத்தக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"கீழ நாலு ஸ்க்ரூ. மேல இருக்கிற ரெண்டைப் பாரு, சுத்தி கறுப்பா வளையம் விழுந்திருக்கு. பிடிமானம் போயிடுச்சு, ஆடுது. இது வளைஞ்சே போயிருக்கு." அவர் காபியை ஒரு வாய் குடித்தார். "வயசு என்ன?"

"இருபத்தஞ்சு இருக்கும் டாக்டர்" என்றாள் கழுத்தக்கா, சுவரோரத்திலிருந்து.

"அட பாவமே, சின்ன வயசு. உடனே திறந்து ஸ்க்ரூவை மாத்தணும். தள்ளிப் போடாதீங்க. ஆளு எங்க?"

எக்ஸ்ரே மேஜையைக் காட்டினான். டாக்டர் திரும்பிப் பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், கழுத்தக்காவைப் பார்த்தார். காபி மூக்கில் ஏறிவிட்டது. இருமி, தும்மி, கண்ணைத் துடைத்து நிமிர்ந்ததும் அவர் சொன்னது இதுதான்: "நான் சொன்னதுல ஒரு வார்த்தையும் மாத்தமாட்டேன். ஆபரேஷன்தான்."

கிட்டார் ரிப்பேர் செய்கிறவரின் பட்டறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கூரையிலிருந்து கிட்டார்கள் துணி காயப் போட்ட மாதிரி வரிசையாகத் தொங்கின. பசை வாடை, மரத்தூள் வாடை. ஜன்னலோர மேஜையில் ஒரு மனிதர் விளக்கின் கீழ் குனிந்திருந்தார். தலை உடம்பைவிட ஒரு சாண் முன்னால் போயிருந்தது. படியேறி வந்த கழுத்தக்கா முதலில் பார்த்தது அதைத்தான். அவர் முதலில் பார்த்தது அவள் கையில் இருந்த எக்ஸ்ரே படத்தை.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவர் வெகுநேரம் பார்த்தார். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். படம் எடுத்துட்டு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, நாலு திருகையும் கழற்றி, கழுத்தைத் தனியாக எடுத்தார். இரண்டு திருகு சுற்றாமலேயே கையோடு வந்தன. துளைக்குள் மரம் மாவாக உதிர்ந்திருந்தது.

"கழுத்தைப் பிடிச்சு வளைப்பீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ஒரு நாளைக்கு அறுபது தடவை."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "இந்த நாலு கம்பியும் சேர்ந்து எவ்வளவு பலமா இழுக்குது தெரியுமா? வளந்த ஆள் ஒருத்தர் தொங்குற மாதிரி. ராத்திரி பகல் அந்த ஆளைச் சுமக்கிறதுக்குத்தான் உள்ள இரும்புக் கம்பி வச்சிருக்காங்க. அதுக்கு மேல நீங்க வேற பிடிச்சுத் தள்ளுறீங்க. இது திருகு போட்ட கழுத்து, அதனால திருகோட போச்சு. பசை வச்சு ஒட்டின கழுத்தா இருந்தா, தலைப்பக்கம் ஒரே முறிவு. என்கிட்ட ரெண்டு துண்டாத்தான் கொண்டுவந்திருப்பீங்க."

கழுத்தக்காவுக்கு அந்தத் திட்டு புதிதாக இல்லை. இதே தொனியில் இருபத்திரண்டு வருடமாகத் திட்டுகிறவள் அவள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, உங்களுக்கு இடது பக்கம் திரும்பிப் பார்க்க முடியாது, இல்ல?"

அவர் கை நின்றது. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. தானா சரியாயிடும்."

"எத்தனை வருஷமா?"

"ஒரு… ஆறு வருஷமா."

இந்த முறை திட்டியது அவள். அவர் மேஜை உயரம், விளக்கு இருக்கும் இடம், முக்காலி எல்லாவற்றையும் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள். ஜன்னல் பக்கம் இருந்த கனமான பெட்டியை இழுத்துப் போட்டு, அதன் மேல், கிட்டாரைப் பிடித்து நிறுத்தும் அவருடைய கருவியை ஏற்றி வைத்து, "இனிமே இந்த உயரத்துல வச்சுதான் வேலை. குனியக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். யார் வாடிக்கையாளர், யார் கடைக்காரர் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. இறங்கிப் போகும்போது, அவள் கிட்டாரைச் சரி செய்து தருவது அவர் பொறுப்பு, அவர் கழுத்தைச் சரி செய்வது அவள் பொறுப்பு என்று பேச்சு முடிந்திருந்தது.

வேலைக்குப் பத்து நாள் கேட்டார். உதிர்ந்த துளைகளைத் துளைத்துச் சுத்தம் செய்து, கெட்டியான மரத்தில் முளை அடித்து ஒட்டி, காய விட்டு, புதுத் துளை போட்டு, உள்ளே திருகு பிடித்துக்கொள்ளப் பித்தளை மரை பதிக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளும் கழுத்தக்காவின் அறையில் கூட்டம் குறையவில்லை, கிட்டார்தான் இல்லை. மயக்க டாக்டரம்மா இரக்கப்பட்டுக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு; அதை உருட்டினால் சுருதி அதே மாதிரி வழுக்கி இறங்கும். இறங்கத்தான் செய்தது. அரைவட்டத்தில் ஒரு தலை அசையவில்லை.

"கேக்க நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றார் தபால்காரர், மரியாதையாக. "ஆனா ஒண்ணும் சாயலையே? எதைப் பார்த்து நான் சாயறது?"

"நான் வேணா சாயட்டுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். அதையும் செய்து பார்த்தார்கள். எல்லோருக்கும் சிரிப்புதான் வந்தது. அப்போதுதான் கழுத்தக்காவுக்கு விஷயம் பிடிபட்டது. காது மட்டும் கேட்டால் போதாது. ஒரு கழுத்து ஒடியாமல் வளைவதைக் கண்ணும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரியின் ஆண்டு விழா. சாயங்காலம் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு, சிகிச்சை முடிந்து போனவர்களையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். ரிப்பேர்க்காரர் தானே கிட்டாரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"நாலு பித்தளை மரை, நாலு புதுத் திருகு. முன்ன இருந்ததைவிடக் கெட்டி. உள்ள விரிசல் இல்ல, விளக்கு வச்சுப் பார்த்துட்டேன், கோடு பூச்சுலதான். ஆனா உடையவே உடையாதுன்னு எழுதித் தரமாட்டேன். மரம் மரம்தான்."

"இனிமே வளைக்கலண்ணே" என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள்.

வாசிக்க ஆரம்பித்ததும் கழுத்தின் புதுப் பிடிப்பு அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சுருதியும் தரையில் கால் ஊன்றி நின்றது. சைரனுக்கு அன்று தொண்டை பிரமாதமாக இருந்தது. எக்ஸ்ரே ஒரு குச்சியை உடைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டான். கடைசியாக அந்த மெதுவான பாட்டு. சைரன் முடித்தார், டிரம்ஸ் நின்றது, கீபோர்டு ஓய்ந்தது. பேஸின் கடைசிச் சுருதி மட்டும் தனியாக நீண்டது.

கழுத்தக்கா கையை அசைக்கவில்லை.

எதிரே நூறு தலைகள். அதில் நாற்பது தலையாவது அவள் கையில் பழகினவை. எல்லாம் லேசாக முன்னால் வந்து காத்துக்கொண்டிருந்தன. யாரும் கைதட்டவில்லை. தபால்காரர் கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பந்தயம் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். சுருதி மெலிந்துகொண்டே வந்தது. அவள் தர்மசங்கடத்தோடு இரண்டாவது வரிசையில் இருந்த ரிப்பேர்க்காரரைப் பார்த்தாள்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். வானத்தைப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் காட்டினார். இரண்டு விரல் அகலம், அதற்கு மேல் கூடாது.

அவள் கம்பியை இன்னொரு தரம் சுண்டினாள். தலைப்பக்கம் பிடிக்காமல், கழுத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து, இரண்டே விரல் அகலம் தள்ளினாள். சுருதி இறங்கியது. நாற்பது தலையும் சாய்ந்தன. அவர்களைப் பார்த்துக் கூட வந்திருந்த மனைவிகள், மாமியார்கள், பேரக்குழந்தைகள் தலைகளும் சாய்ந்தன. கடைசி வரிசையில் எலும்பு டாக்டரும் சாய்ந்தார். ரிப்பேர்க்காரர் இரண்டு விரலை இன்னும் தூக்கிப் பிடித்தபடியே இடப்பக்கம் சாய்ந்து, அங்கேயே நின்று, "ஏ, ஏ, ஏ!" என்று சத்தம் போட்டார். பக்கத்தில் இருந்தவர் பயந்துபோய் அவரைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் இல்லய்யா, விடு. ஆறு வருஷத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் பார்க்கிறேன்!"

அதற்கப்புறம் வந்த கைதட்டலில் மின்கம்பத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின.

அடுத்த திங்கட்கிழமை ரிப்பேர்க்காரர் கழுத்தக்காவின் அறைக்கு வைத்தியத்துக்கு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. பட்டறையில் கிடந்த உடைசல்களைச் சேர்த்து அவரே செய்த ஒரு பேஸைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். உடல் ஒரு கிட்டாருடையது, நீலம். கழுத்து இன்னொன்றுடையது, தடியாக, உலக்கை மாதிரி. கம்பியை முறுக்கும் சாவிகள் நாலும் நாலு விதம். பார்க்கச் சகிக்கவில்லை.

"நல்லதை வியாழக்கிழமைக்கு வச்சுக்கங்க. தினப்படி முரட்டுத்தனத்துக்கு இது. ஒடிஞ்சா வேற கழுத்து மாட்டித் தரேன், எங்கிட்ட மூணு இருக்கு."

அதைத் தபால்காரர்தான் முதலில் கையில் வாங்கினார். கிட்டாரை வாழ்நாளில் தொட்டதில்லை. கழுத்தக்கா அவர் வலது முழங்கையை எடுத்து நீல உடலின் மேல் வைத்து, இடது உள்ளங்கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினாள். அவர் தடித்த கம்பியைச் சுண்டினார், பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். சுருதி ஒரு முறை முக்கி, முனகி, இறங்கியது.

ரிப்பேர்க்காரர் சாய்ந்தார். அரைவட்டத்தில் இருந்த எட்டுப் பேரும் சாய்ந்தார்கள். கழுத்தக்காவும் சாய்ந்திருந்தாள்.

"இருங்க, இருங்க, யாரும் நிமிராதீங்க" என்றார் தபால்காரர். "நான் இன்னும் விடல."